ஏவலன், பாக்கி 8.20

ஏழாங்கட்டைத் தோட்டத்தை மூன்றாம் முறையாக விற்றபோது
ஆபீஸ் காகிதங்களை எடைக்குப் போடும் வேலை எனக்கு.
பீடோரிலிருந்து லோரி வர இரண்டு நாள் தாமதம்.
இல்லையென்றால் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.

1931 டிசம்பர் செக்ரோல்.
சடையன், அங்கம்மா, வெள்ளையன், பூச்சி,
கடைசியில், வேறு மையில்,
ஏவலன்.
அப்பன் பெயர் இல்லை. வந்த கப்பல் இல்லை.
முழுப்பேர் பதினான்கு, அரைப்பேர் பதின்மூன்று,
கூலி எட்டு வெள்ளி இருபது காசு.
கைரேகைக்குப் பதில்
குண்டூசி குத்திய ஒரு தாள்.

தாளின் முன்பக்கம் காய்ச்சல் கணக்கு.
நூற்று இரண்டு, நூற்று நாலு, விடியலில் தொண்ணூற்றேழு.
மேலே டிரஸர் அருளப்பனின் குண்டெழுத்தில்
எவால்ட் ட்ரெஸ்கோ. ஜெர்மன்காரர். தொழில் பியானோ.
பின்பக்கம்
அடிக்கோல் வைத்து இழுத்த ஐந்தைந்து கோடுகள்,
மேலும் கீழுமாய் வட்டங்கள்,
சில வெறும் வட்டம், சில மை நிரப்பியவை.

கிராணி குஞ்ஞம்புவுக்கு
வேறு என்னவாகத் தெரிந்திருக்கும்?
வெறும் வட்டம் முழுநாள்,
கறுப்பு வட்டம் அரைநாள்.
முதல் வரியை எண்ணிக் கூட்டியிருக்கிறார்.
மற்றதை அடுத்த மாதத்துக்கு வைத்திருப்பார்.

தட்டு ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன்.
உறைக்குள் அவர் வாழ்க்கை, பொடியெழுத்தில் ஒன்றரைப் பக்கம்.
உப்புக் காய்ச்சும் ஊரில் பிறந்தார், அப்பா அடுப்பு விற்றவர்.
ஒன்பது வயதில் மேடை. இருபத்திரண்டில் பதக்கம்.
ஓர் இசைநாடகம் எழுதினார், இரண்டே இரவு ஓடியது.
மூன்று கான்செர்ட்டோ, இரண்டு மனைவி.
வலது சுண்டுவிரல் நடுங்கத் தொடங்கியதும் மேடை முடிந்தது.
குண்டு விழுந்த இரவில் ஒரு பெட்டி நோட்டு எரிந்தது.
பிறகு மாடியறையில் பிள்ளைகளுக்குப் பாடம், மணிக்கு இவ்வளவு என்று.
1958, நிமோனியா.
நடுவில் ஒரே வரி:
'1931. கிழக்கே பயணம். உடல்நலக் குறைவு.'
படைப்புப் பட்டியலில் இருபத்தேழுக்கு எதிரே
'கிடைக்கவில்லை.'

அந்த ஒரு வரிதான் எங்கள் ஊர்.
சிங்கப்பூரில் வாசித்துவிட்டு பினாங்கு போகும் ரயிலில் காய்ச்சல்,
பீடோரில் இறக்கியிருப்பார்கள்.
பத்துகாஜா பாதை வெள்ளத்தில்.
துரைமாருக்கென்று கட்டில் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியில்
இந்தப் பக்கம் வயிற்றுப்போக்கு, அந்தப் பக்கம் பாம்புக்கடி,
நடுவில் அவர்.
காதுக்குள் கொய்னாவின் இரைச்சல்.
காதுக்கு வெளியே, இருட்டோடு,
பெரட்டுக்கு எழுப்பும் தப்பு.

டயர் கடை மாடியில் பியானோ சொல்லித்தரும்
மிஸ் சூங்கிடம் தாளைக் கொண்டுபோனேன்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.
'இடது கைக்கு ஒரே சுரம், விடாமல். இது என்ன, யாரையாவது எழுப்புகிறாரா?'
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாசித்தார். நாலு நிமிடம் இருக்கும்.
கீழே ஒருவன் நட்டு முடுக்கிக்கொண்டே இருந்தான்.
நன்றாக இருந்ததா என்றால் எனக்குத் தெரியாது.
குளிர் எடுத்தது. பிறகு வியர்த்தது.
பாதிக் கோட்டில் கை நின்றது.
'அவ்வளவுதானா?'
'தாள் அவ்வளவுதான்.'

ஜெர்மனிக்கு எழுதலாம், முகவரி உறையில் இருக்கிறது.
எழுதினால் இருபத்தேழு கிடைத்துவிடும்,
ஏவலனை இழந்துவிடுவோம்.
இன்னும் எழுதவில்லை.

புதிய கம்பெனியில் போய்க் கேட்டேன்,
பழைய கூலிப் பாக்கி யார் பொறுப்பு என்று.
எத்தனை பேருக்கு என்றார் மேனேஜர், கைப்பேசியிலிருந்து கண் எடுக்காமல்.
ஒருத்தருக்கு என்று சொல்ல வாயெடுத்து
செக்ரோலைப் புரட்டினேன்.
கித்தா விலை விழுந்த வருஷம்.
பாதிப் பெயர்களுக்கு எதிரே கைரேகையே இல்லை.

நாற்பத்திரண்டு பேர் சார், என்றேன்.
அதில் ஒருத்தர் பியானோ.